வெள்ளிக்கிழமைத் தண்ணீரும் நார்ப்பலகைக் கதவும்

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாமி அறைக் கதவு பிடித்துக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணி வாக்கில். அறைக்குள் நான் மட்டும். கைப்பேசி சமையலறையில் அரிசி டின் மேல் கிடந்தது. பன்னிரண்டரைக்கு மகன் வருவான். வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் நீண்ட இடைவேளை. வாரம் தவறாமல் வந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். அவனிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. அதனால் உள்ளேயே கிடந்து சாகப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். என் பயம் வேறு. அவன் வருவதற்குள் நான் வெளியே வந்தாக வேண்டும்.

ஏனென்று சொல்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டேன். எதிர்வீட்டம்மா புகையைப் பார்த்துவிட்டு என் மகனுக்குப் போன் போட்டாள். அவன் செராஸில் இருக்கிற தன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தபோது பருப்பு கரியாகியிருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒரு மாதம் என்னைச் செராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்திருந்தான்.

அங்கே குறை ஒன்றும் இல்லை. மருமகள் நல்ல பெண். எனக்குப் பிடித்த மீனை வறுத்து மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். ஏழரை மணிக்கு எல்லோரும் காரில் ஏறிப் போய்விடுவார்கள். அதன் பிறகு வீடு முழுக்க நான்தான். வாசல் கேட்டுக்கு ஒரு ரிமோட். ஒருநாள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பி அதை அமுக்கினேன். கேட் பாதி திறந்தது, நான் செருப்பைப் போடுவதற்குள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி அப்படியே. திறந்தாலும் எங்கே போவது? பக்கத்துக் கடைக்கே கார் வேண்டும். கூடையோடு உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாலை ஆறரை வரைக்கும் உட்கார்ந்தேன். அப்படி முப்பது நாள்.

திரும்பக் கொண்டுவந்து விடும்போது மகன் சொன்னான்:

"ம்மா, இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா செராஸ்தான். அப்புறம் பேச்சே கெடையாது."

"சரி," என்றேன். சரி என்று சொன்னால் எனக்கு அது சரிதான். பேச்சு மாறுகிறவள் இல்லை நான்.

இப்போது கதவு.

அந்த அறை முன்பு ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. காரிடார் பக்கச் சுவரில், மேலே மட்டும் ஓட்டை வைத்த கல் நான்கு. அதை எனக்காகச் சாமி அறையாக மாற்றிக் கொடுத்தான் மகன். வேலைக்குக் கிள்ளானிலிருந்து ஒரு கன்ட்ராக்டரைப் பிடித்தான். சின்ன வயசு ஆள்தான், மரியாதை தெரிந்தவன். அவன் ஒரு கதவு கொண்டுவந்தான். பார்த்தால் தேக்கு மாதிரி இருந்தது. நான் கீழ் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

"இது நார்ப்பலகைதானே, தம்பி?"

"ஆமா ஆன்டி, எம்.டி.எஃப். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எல்லாரும் தேக்குன்னுதான் நெனைப்பாங்க."

"இந்தப் பலகைக்கு நார் பாத்துக் குடுத்தவ நான். இருவத்திரண்டு வருசம்."

"அப்ப நீங்கதான் பாஸ். சொல்லுங்க, என்ன செய்யணும்?"

"அடியில அறுத்த எடத்துக்குச் சாயம் அடி. ரெண்டு தடவ."

என் கண் முன்னாலேயே அடித்தான். மின்விசிறி வைத்துக் காயவிட்டு மறுபடியும் அடித்தான். போகும்போது சொன்னான்:

"ஆன்டி, ஒண்ணே ஒண்ணு. தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்க. துணியால தொடச்சாப் போதும்."

"எனக்கா சொல்ற?" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

அவன் சொன்னது நியாயம். அவனுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்த நியாயம். அப்படியும் முதல் வெள்ளிக்கிழமையே ஒரு வாளி மஞ்சள் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன்.

இங்கே வருவதற்கு முன்னால், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவுவதுதான். சிமெண்டுத் தரை, முழு மரத்தில் அறுத்த சாதி மரக் கதவு. விளக்குமாற்றால் தள்ளினால் தண்ணீர் பின்வாசல் வழியாகக் காவாய்க்குப் போய்விடும். நான் கழுவுகிற சத்தம் நான்கு வீட்டுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் கழுவுவேன். இந்த அடுக்குமாடியில் எல்லோரும் வாசனைத் தண்ணீரில் துணியை நனைத்து, பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் தரையைத் துடைக்கிறார்கள். அது துடைப்பது. சாமி இருக்கிற இடத்தைக் கழுவ வேண்டும்.

ஆனால் இங்கே தண்ணீர் போக வழியில்லை. ஹாலில் லேமினேட் தரை. அதுவும் இதே நார்தான், மேலே மரம் மாதிரிப் படம் ஒட்டியது. அதில் தண்ணீர் பட்டிருந்தால், வருகிற அன்று மருமகள் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிமிர்வாள். அந்த ஒன்றும் சொல்லாததை என்னால் தாங்க முடியாது. ஆகையால் கதவை மூடி, அடியில் ஒரு பழைய துண்டைத் திணித்துவிட்டுக் கழுவுவேன். தண்ணீரைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி வாளியில் விடுவேன். பிறகு விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த ஈரத் துண்டு கதவின் கால்மாட்டிலேயே கிடக்கும். வாரா வாரம். எத்தனை தடவை சாயம் அடித்தால் என்ன, ஈரத் துணி சும்மா கிடந்தால் போதும், அது வழி கண்டுபிடித்துவிடும். மழைக்காலம் வந்தபோது கதவு உரச ஆரம்பித்தது. விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டேன். மகனிடம் சொல்லவில்லை.

அன்று இடுப்பால் இடித்துத்தான் மூடினேன். கழுவி, விளக்கேற்றி, சூடம் காட்டிவிட்டுக் கைப்பிடியைத் திருப்பி இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கதவு வரவில்லை, கைப்பிடியின் திருகாணிதான் நறநறவென்றது. உடனே விட்டுவிட்டேன். நார்ப்பலகையில் திருகாணி ஒரு தடவைதான் பிடிக்கும். அது பிடுங்கிக்கொண்டால் இழுக்க ஒன்றும் இருக்காது. கீழே குனிந்து பூட்டுப் பக்க மூலையைத் தடவிப் பார்த்தேன். பன் மாதிரி உப்பியிருந்தது. நிலையை அழுத்திக்கொண்டு, தரையையும் அழுத்திக்கொண்டு நின்றது.

மணை ஒன்று உள்ளே உண்டு. அதில் உட்கார்ந்தேன்.

சாதி மரமாக இருந்தால் காத்திருக்கலாம். மரம் தண்ணீர் குடித்தால் பெருக்கும், காய்ந்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். நான் உட்கார்ந்திருந்த மணை எத்தனை வெள்ளிக்கிழமை நனைந்திருக்கிறது, ஒரு நூல்கூட மாறவில்லை. நார்ப்பலகை அப்படி இல்லை. அது சூட்டில் அழுத்தி வைத்த நார். தண்ணீர் பட்டதும் அழுத்துவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி நிமிரப் பார்க்கும். நிமிர்ந்தபின் காய்ந்தாலும் படுக்காது. பேக்டரியில் பலகைத் துண்டை ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, எடுத்துத் தடிமன் பார்ப்பார்கள். பிறகு காயவைத்தும் பார்ப்பார்கள். பழைய தடிமனுக்குத் திரும்பிய துண்டு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஆக, உட்கார்ந்திருந்தால் கதவு தானாக இளகும் என்கிற ஆசை எனக்கு இல்லை. தெரியாதவளாக இருந்தால் அந்த ஆசையாவது கொஞ்ச நேரம் இருந்திருக்கும்.

பத்து மணி இருக்கும், வெளியே கிரில்லைத் தட்டுகிற சத்தம். எதிர்வீட்டம்மா. பள்ளிக்கூட ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள், என்னைவிடப் பத்து வயது இளையவள்.

"அக்கா, பூ வாங்கியாந்துட்டேன்."

மேலே இருக்கிற ஓட்டைக் கல் வழியாகக் குரல் பக்கத்தில் நிற்பதுபோல் கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மகனுக்குப் போன் போடுவாள், அவன் பத்து நிமிடத்தில் இல்லாவிட்டால் அரை மணியில் வருவான், என்னை வெளியே எடுப்பான், செராஸுக்குக் கொண்டுபோவான். வாயைத் திறக்காமல் இருந்தாலும் அதே போன்தான். ஆகவே பதில் சொன்னேன்.

"சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். கிரில்லுல மாட்டிட்டுப் போ."

"இவ்வளவு நேரமாவா? வழக்கமா ஒம்பதேகாலுக்கெல்லாம் முடிச்சிருவீங்களே."

"இன்னைக்குக் கொஞ்சம் கூட."

"என்ன வேண்டுதல், அக்கா? எனக்கும் சேத்து வேண்டிக்குங்களேன். முட்டி வலி தாங்கல."

"வேண்டிக்கிறேன்."

"எடது முட்டி. சாமி மாத்திக் கேட்டுறப் போவுது."

"சரி, எடது."

"உங்க குரல் என்ன கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"கதவச் சாத்தியிருக்கேன். நீ சத்தம் போட்டா சாமி எந்திரிச்சுப் போயிரும்."

சிரித்தாள். அவள் செருப்புச் சத்தம் போய், அவள் வீட்டுக் கதவு மூடுகிற சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அறை இன்னும் சின்னதானது. அதுவரை கதவு என்னை அடைத்திருந்தது, இப்போது நானும் சேர்ந்து அடைத்துக்கொண்டேன். விளக்கில் ஒரு திரியை மட்டும் விட்டு மற்றதை அணைத்தேன். வேர்த்தது. சூட வாசனையும் ஈரப் பலகை வாசனையும் சேர்ந்து வந்தன. ஈரப் பலகை வாசனையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேக்டரியை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது.

பேக்டரி கிள்ளானுக்கு வெளியே, ஜெஞ்சாரோம் போகிற வழியில் இருந்தது. எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான். முதலில் கழுவுகிற தொட்டியில் போட்டார்கள். பழம் உதிர்த்த செம்பனைக் குலையை எண்ணெய் ஆலையிலிருந்து லோரியில் கொண்டுவந்து, கிழித்து நாராக்கிப் பலகை செய்து பார்த்த காலம் அது. அந்த நாரைத் தொட்டால் கை வழவழவென்றிருக்கும். எண்ணெய்ப் பசை. அப்படியே போட்டால் பசை ஒட்டாது, பலகை பிஸ்கோத்து மாதிரி உதிரும். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் அலசினால் எண்ணெய் போய் நாரின் மேல்தோல் சொரசொரவென்று ஆகும். பிறகு பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பசையைப் பிடிக்கிற தோல் தண்ணீரையும் பிடிக்கும். எண்ணெய் இருந்தவரை தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த நார், அலசிய பிறகு காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுக்கும். அதனால் அலசுகிற நேரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு கையும் சோடாவில் வெந்து வெந்து அதுவாகத் தெரிந்துகொண்டது.

பிறகு ரப்பர்க்கட்டைக்கு மாற்றினார்கள். கட்டையைச் சில்லாக வெட்டி, ஆவியில் வேகவைத்து, இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் அரைப்பார்கள். வேக்காடு குறைந்தால் நார் குச்சி குச்சியாக வரும், தண்ணீரை மாடு குடிப்பதுபோல் குடிக்கும். வேக்காடு அதிகமானால் கறுத்துப்போய்ச் சீனி தீய்ந்த வாசனை வரும், தண்ணீர் அதன்மேல் நிற்காது, ஆனால் நாரில் பலம் இருக்காது. பதமாக வெந்தால் பஞ்சு மாதிரி, லேசான பழுப்பில் வரும். கொஞ்சம் மெழுகும் பசையும் சேர்த்து நீளமான குழாயில் சூடான காற்றில் பறக்கவிட்டுக் காயவைப்பார்கள். குழாய் முடிகிற இடத்தில் என் வேலை. ஒரு கைப்பிடி எடுத்து, இறுக்கி, விரிக்க வேண்டும். உடனே விரிந்தால் காய்ந்தது. உருண்டையாக நின்றால் ஈரம்.

சீன சூப்பர்வைசர் தூரத்தில் இருந்தே கேட்பார், "அக்கா, பாசா?" ஈரமா என்று மலாயில். நான் "கெரிங்" என்றால் காய்ந்தது என்று நார், பலகையாக அழுத்துகிற பிரஸ்ஸுக்குப் போகும். என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு பெரிய யந்திரம் நிற்கும், ஓடும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

அந்தக் கையும் ஒரு தடவை தப்புச் செய்தது. மழை வாரம். முற்றத்தில் கிடந்த சில்லெல்லாம் ஊறிவிட்டது. காயவைக்கிற ஆட்கள் சூட்டை ஏற்றிவிட்டார்கள். நார் கையில் மொறுமொறுவென்று வந்தது. "கெரிங்," என்றேன். அதற்குள் ஒரு சின்ன மெஷின் வாங்கியிருந்தார்கள், நாரைச் சுட்டு ஈரம் எவ்வளவு என்று எண் காட்டும். அது ஈரம் என்றது. சூப்பர்வைசர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பேச்சைத்தான் எடுத்தார். பிரஸ் மூடியது. திறக்கும்போது பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. சூடு அதிகமானதில் நாரின் மேல்தோல் மட்டும் முறுகிப்போய், ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸுக்குள் அது ஆவியாகி, வெளியே போக இடமில்லாமல் பலகையைப் பிளந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் திட்டவில்லை. "ஹரி இனி தாங்ஙான் சாலா, அக்கா," என்றார். இன்றைக்குக் கை தப்பு என்று. அதற்குப் பிறகு மெஷினும் கையும் ஒன்றென்று சொன்னால்தான் நார் போகும். எனக்கு அது வலித்தது. ஆனால் மெஷின் சொன்னது சரி.

சாமி அறையில் மணை மேல் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கீழே எங்கேயோ குக்கர் விசில் கேட்டது. மதியச் சமையல் நேரம். அப்போதுதான் எழுந்தேன்.

உப்பியது திரும்பப் படுக்காது. அப்படியானால் அதை எடுத்துவிட வேண்டும். இந்தப் பசை வெந்நீரைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். பேக்டரியில் பலகைத் துண்டைக் கொதிநீரில் போட்டால் குழைந்துவிடும். வெந்நீருக்கு எங்கே போவது? சாம்பிராணிக் கால் ஒன்று பித்தளையில் இருந்தது. சாம்பலைக் கொட்டிவிட்டு, அதற்குள் எண்ணெயில் நனைத்த திரி நான்கைப் பற்றவைத்து, மேலே சொம்பை வைத்தேன். கொதிக்கவில்லை. கை பொறுக்காத சூடு வந்தது. சொம்பின் அடி கன்னங்கரேலென்று ஆனது. சாமிக்கு வைக்கிற சொம்பு. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தீர்த்தக் கரண்டியின் காம்பால் கதவு மூலையில் ஒட்டியிருந்த தேக்குத் தோலைக் குத்திக் கிழித்தேன். உள்ளே பழுப்பு நார் தெரிந்தது. ஒரு சிட்டிகை கிள்ளி விரலில் தேய்த்தேன். பழக்கம். நல்ல நார். குச்சி இல்லை, கருகல் இல்லை, பதமான வேக்காடு. மெழுகும் அளவாக விழுந்திருந்தது. இத்தனை வெள்ளிக்கிழமை ஈரத் துண்டைத் தாங்கியிருக்கிறது என்றால் சும்மாவா? மட்டமான பலகையாக இருந்திருந்தால் எப்போதோ உதிர்ந்து என்னை வெளியே விட்டிருக்கும்.

வெந்நீரை ஊற்றி, எண்ணிக்கொண்டு காத்திருந்து, கரண்டியால் சுரண்டினேன். சோற்றுக் கஞ்சியைச் சட்டியிலிருந்து வழிப்பதுபோல் கொஞ்சம் வந்தது. ஊறாத கெட்டிப் பலகை வந்ததும் மறுபடி சொம்பை வைத்தேன். குனிந்தால் முதுகு, உட்கார்ந்தால் முட்டி. எதிர்வீட்டம்மாவின் முட்டிக்கு வேண்டிக்கொள்வதாகச் சொன்னது நினைவுக்கு வந்து அதையும் வேண்டிக்கொண்டேன், இடது. மூன்றாவது சொம்புக்கு உள்ளங்கை கன்றிவிட்டது. நான்காவது சொம்புக்குத் தண்ணீர் இல்லை. வாளியில் கிடந்த அழுக்கு மஞ்சள் தண்ணீரை மொண்டு வைத்தேன். நிலையை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி கிடைத்தது. கீழே தரையை ஒட்டியும் சுரண்டினேன். பிறகு கைப்பிடியைத் தொடாமல், சுரண்டிய பள்ளத்தில் இரண்டு கை விரலையும் கொடுத்து இழுத்தேன். கதவு முனகிக்கொண்டு வந்தது. முதலில் ஒரு சாண். அதன் வழியாக ஹாலின் காற்று வந்து முகத்தில் பட்டது. இன்னும் இழுத்து, பக்கவாட்டில் உடம்பைக் கொடுத்து வெளியே வந்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

இருபது நிமிடம் இருந்தது. தரையில் கிடந்த நார்க்கூழை வழித்து வாளியில் போட்டேன், சேலை மாற்றினேன், முகம் கழுவினேன், சோற்றை வைத்தேன். கதவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூலை போன கதவு மூலை போனதுபோலத்தான் நின்றது.

மகன் வந்து கைகழுவப் போகும்போதே பார்த்துவிட்டான்.

"என்னம்மா இது? எலியா?"

"எலி இல்ல."

குனிந்து தொட்டுப் பார்த்தான். கையில் ஈர நார் ஒட்டியது. முகம் மாறியது, ஆனால் கோபம் என்மேல் இல்லை.

"ஒரு வருசம்கூட ஆகல. பாத்தீங்களா, மட்டமான பலகைய வச்சு ஏமாத்திட்டான்."

அங்கேயே நின்று கன்ட்ராக்டருக்குப் போன் போட்டான். சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தான், நானும் கேட்கட்டும் என்று.

"பாஸ், என்ன கதவு போட்டீங்க? அடியில சோறு மாதிரிக் கொழைஞ்சு போச்சு."

"கொழைஞ்சு போச்சா? சான்ஸே இல்ல பாஸ். நல்ல பலகை அது. அடியில ரெண்டு கோட் அடிச்சேன்."

"கதை விடாதீங்க லா. எங்கம்மா ஒத்தையா இருக்கிற வீடு. சீப் சாமான மாட்டிட்டுப் போயிட்டீங்க."

"அண்ணே, நான் ஏமாத்தல. ஆன்டிகிட்டக் கேளுங்க. அவங்க தொட்டுப் பாத்துத்தான் சரின்னாங்க. அவங்களுக்குத் தெரியும்."

மகன் என்னைப் பார்த்தான். அவனும் போனில் இருந்தவனும் காத்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை எடுக்கச் சமையலறைக்குள் போயிருந்தால் போதும். கதவு மாறியிருக்கும், நான் பிரிக்பீல்ட்ஸிலேயே இருந்திருப்பேன். கன்ட்ராக்டர் ஒரு கதவுக்காகச் செத்துவிட மாட்டான். அதையெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

"அது மட்டமான பலகை இல்ல," என்றேன்.

"பின்ன என்னம்மா?"

"நல்ல நாரு. நல்லா வெந்த நாரு. நான்தான் தண்ணி ஊத்தினேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம. அந்தத் தம்பி ஊத்தாதீங்கன்னுதான் சொல்லிட்டுப் போச்சு."

"தொடைக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றான் மகன்.

"நான் எப்பத் தொடச்சிருக்கேன்?"

அவன் மறுபடி மூலையைப் பார்த்தான். பிறகு பிடிபட்டுவிட்டது. சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், மெதுவாகப் பார்ப்பான், விடமாட்டான்.

"தண்ணி பட்டா உப்பும். இது நோண்டியிருக்கு. கரண்டி பட்ட தடம் இருக்கு. உள் பக்கத்துல இருந்து."

"ஆமா."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது."

"மூணு மணி நேரம் உள்ளயா இருந்தீங்க? எதிர்வீட்டு ஆன்டியக் கூப்பிட வேண்டியதுதானே?"

"அவ வந்தா. சாமி கும்பிடுறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கையில் போன் இன்னும் திறந்துதான் இருந்தது. "ஹலோ, அண்ணே?" என்று அதிலிருந்து குரல் வந்தது. மகன் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"சாரி பாஸ். தப்பு நம்ம பக்கம்தான்."

"பரவால்ல அண்ணே. வேற கதவு கொண்டாரவா? அலுமினியத்துல போட்டுருவோம், தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது."

மகன் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கதவு வேணாம் பாஸ். வீட்டையே காலி பண்ணப் போறோம்."

போனை வைத்தான். நான் சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். ரசம் நன்றாக இருக்கிறது என்றான். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கன்றிப்போன உள்ளங்கையை அவன் பார்த்துவிடாதபடி இடது கையால் ஊற்றினேன், அதையும் பார்த்துவிட்டான்.

"எப்ப?" என்று நான்தான் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம லோரி கூப்பிடுறேன்."

"ஞாயித்துக்கெழம வேணாம். செவ்வா வா. பாத்திரத்தையெல்லாம் நானே கட்டுறேன், ஆள விட்டுக் கட்டாத."

"சரிம்மா."

செவ்வாய்க்கிழமை வந்தான்.

இதைச் செராஸில் மாடி அறையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில், நாளுக்குக் கால் பக்கம் என்று எழுதுகிறேன். மருமகள் கீழே ஒரு மேசையில் சாமிப் படங்களை அழகாக அடுக்கித் தந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அந்த மேசையை ஈரத் துணியால் துடைக்கிறேன். இந்த அறைக் கதவும் நார்ப்பலகைதான். வந்த அன்றே அடி விளிம்பில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். நன்றாக வெந்த நார், மெழுகு அளவு, நான்கு பக்கமும் சாயம். தண்ணீர் படாத மாடியில் இருக்கிற கதவு. மூடினாலும் திறந்தாலும் சத்தமே வருவதில்லை. காலை ஏழரைக்குக் கீழே கேட் மூடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.